வட்டமாக முடி கொட்டினால் வெங்காயம் தேய்க்கலாமா? பாட்டி வைத்தியம் எங்கே போதும், எங்கே போதாது

முடி கொட்டுகிறது என்று யாராவது வாய் திறந்தால் போதும், நம்மவர் வீடுகளில் ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய், ஊறவைத்து அரைத்த வெந்தயம், செம்பருத்தி இலை, கற்றாழை, சின்ன வெங்காயச் சாறு. தோட்டத்து லயத்தில் இருந்தாலும் சரி, பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிபோயிருந்தாலும் சரி, இந்தப் பட்டியல் பெரிதாக மாறுவதில்லை. இப்போது கைப்பேசியிலும் இதே குறிப்புகள்தாம் வலம் வருகின்றன.

இவற்றில் பெரும்பாலானவை நல்லவையே. ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்: முடி வேறு, தலைத்தோல் வேறு. வெளியே தெரியும் முடிக்கு உயிர் இல்லை. அதனால்தான் வெட்டினால் வலிப்பதில்லை. அதை உடையாமலும் வறண்டு போகாமலும் காப்பாற்றலாம், அவ்வளவுதான். உயிருள்ள பகுதி தோலுக்கு அடியில், வேரில் இருக்கிறது. அங்கே கோளாறு வந்தால் அது நோய்; நோய்க்குக் காரணம் தெரிய வேண்டும், சில வேளைகளில் மருந்தும் வேண்டும்.

முடியைக் காக்கும் வேலையை நம் வீட்டுப் பொருள்கள் நன்றாகவே செய்கின்றன. நோயைத் தீர்க்கும் வேலையையும் அவற்றிடமே ஒப்படைத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கும்போதுதான் இழப்பு வருகிறது. அந்த இழப்பு பெரும்பாலும் பிள்ளைகளுக்கு.

தேங்காய் எண்ணெய் உண்மையில் என்ன செய்கிறது?

எள்ளிலிருந்து எடுத்த நெய்தான் ‘எண்ணெய்’. அந்தச் சொல்லோடு இங்கே வந்த நம் முன்னோருக்கு, கைக்கு எட்டிய தூரத்தில் கிடைத்தது தேங்காய். தலைமுடியைப் பொறுத்தவரை அது நல்ல மாற்றமாகவே அமைந்தது.

தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதன் மூலக்கூறு சிறியது, நேரான அமைப்பு கொண்டது. அதனால் முடியின் மேலே பூசிக்கொண்டு நிற்காமல் உள்ளேயும் கொஞ்சம் இறங்குகிறது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2003-இல் வெளியானது. முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே குறைத்தது என்பது அதன் முடிவு. அதைச் செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் தயாரிக்கும் நிறுவனமொன்றின் ஆய்வாளர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

குளிப்பதற்கு முன் எண்ணெய் வைப்பதில் ஒரு பொருள் இருக்கிறது. முடி தண்ணீரில் ஊறி உப்புகிறது, காயும்போது சுருங்குகிறது. இப்படி மாறி மாறி நடந்தால் முடி பலவீனமாகும். முன்கூட்டியே எண்ணெய் வைத்தால் இந்த உப்பல் குறைகிறது.

வீட்டில் காய்ச்சுவதானால் அளவு இதுதான்: 250 மில்லி தேங்காய் எண்ணெய், ஒரு கைப்பிடி கறிவேப்பிலை, விரும்பினால் நான்கைந்து செம்பருத்திப் பூ. இலையையும் பூவையும் கழுவித் துடைத்து, நிழலில் நன்றாக உலர்த்திக்கொள்ளுங்கள். சிறு தீயில் வைத்து, சலசலப்பு அடங்கும்வரை காய்ச்சி, ஆறியதும் வடிகட்டுங்கள். சலசலப்பு என்பது இலையில் உள்ள ஈரம் வெளியேறும் ஓசை. அது அடங்குமுன் இறக்கினால் எண்ணெயில் ஈரம் தங்கி, நம் நாட்டு வெப்பத்தில் சீக்கிரமே கெட்டுவிடும். ஒரு மாதத்திற்கு அளவாகக் காய்ச்சுவதே நல்லது.

எண்ணெயை முடியின் நடுவிலிருந்து நுனிவரை தடவி, அரை மணி நேரம் கழித்து அலசினால் போதும். பாட்டிமார் காலத்து எண்ணெய்க் குளியலை நினைத்துப் பாருங்கள். எண்ணெய் வைத்தார்கள், பிறகு கண் எரிய எரிய சீயக்காய் போட்டுத் தேய்த்து எடுத்தார்கள். இரண்டும் சேர்ந்ததுதான் அந்த வைத்தியம். இன்று நாம் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டோம். தலை நிறைய எண்ணெய் தடவி, மேலே தலைக்கவசம் மாட்டி, மோட்டாரில் வேலைக்குப் போகிறோம். வியர்வையும் எண்ணெயும் சேர்ந்து நெற்றியில் பருவும் தலையில் அரிப்பும் வருவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அலசவும் மிருதுவாக்கவும்

சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் சபோனின் என்ற இயற்கை நுரைப்பொருள் இருக்கிறது. அழுக்கை எடுப்பது அதுதான். கொட்டையை நீக்கிய ஐந்தாறு பூந்திக்கொட்டைத் தோலை இரண்டு கோப்பைத் தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டினால் ஒரு தடவைக்கு ஆகும். ஷாம்பு அளவுக்கு நுரைக்காது, கண்ணில் பட்டால் நன்றாக எரியும். சீயக்காய்ப் பொடியாக இருந்தால் மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள். கரடுமுரடான துகள் தலைத்தோலைக் கீறும்.

வெந்தயத்திலும் செம்பருத்தி இலையிலும் வழவழப்பான பசை இருக்கிறது. கடையில் வாங்கும் கண்டிஷனர் செய்யும் வேலையை இது செய்கிறது. அதாவது, முடியின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து சிக்கலைக் குறைக்கிறது. இரண்டு மேசைக்கரண்டி வெந்தயத்தை இரவு ஊறவைத்துக் காலையில் மைய அரைத்து, 20 நிமிடம் வைத்திருந்து அலசலாம். செம்பருத்தி நம் தேசிய மலர், வேலியிலேயே கிடைக்கும். பத்துப் பதினைந்து இலையைத் தண்ணீரில் கசக்கி வடிகட்டினால் வழவழப்பான சாறு கிடைக்கும். சாலையோரச் செடியில் பறிப்பதைவிட வீட்டுச் செடியில் பறிப்பது நல்லது. சாலையோரத்தில் களைக்கொல்லி தெளித்திருக்கக்கூடும்.

கற்றாழையில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மடலை வெட்டியதும் மஞ்சளாக ஒரு பால் வடியும். அது சிலருக்குத் தோல் அரிப்பைக் கொடுக்கும். வெட்டிய மடலைப் பத்துப் பதினைந்து நிமிடம் நிமிர்த்தி வைத்து, பால் வடிந்த பிறகு கழுவி உள்ளே இருக்கும் சோற்றை எடுங்கள்.

எந்தப் பொருளாக இருந்தாலும் முதல் தடவை முழங்கையின் உட்பக்கம் சிறிது தடவி ஒரு நாள் பாருங்கள். சிவந்து தடித்தால் அது உங்களுக்கு ஆகாது. ‘இயற்கை’ என்பதால் ஒவ்வாமை வராது என்று பொருளில்லை.

எண்ணெய்க்குக் கிடைக்கும் பெயர்

டிங்கி காய்ச்சல் கண்டவர்களுக்கு, குணமாகி இரண்டு மூன்று மாதம் ஆன பிறகு திடீரென்று முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுவது உண்டு. பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கும் அப்படித்தான். உடலுக்குப் பெரிய அதிர்ச்சி வரும்போது, வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பல ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குப் போகின்றன. இரண்டு மூன்று மாதம் கழித்து எல்லாம் சேர்ந்து உதிர்கின்றன. வேர் சாகவில்லை. பெரும்பாலோருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் முடி தானாகவே வளர்ந்துவிடும்.

அந்த நேரத்தில்தான் யாரோ ஒருவர் ஓர் எண்ணெயைப் பரிந்துரைப்பார். தடவுவோம், முடியும் வளரும், எண்ணெய்க்குப் பெயர் கிடைக்கும். அடுத்து முடி கொட்டும் இன்னொருவருக்கு அதே எண்ணெயை நாமும் சொல்வோம். அவருக்கு முடி கொட்டும் காரணம் இரத்தசோகையாகவோ தைராய்டு கோளாறாகவோ இருந்தால் அவர் மாதக்கணக்கில் வீணாகக் காத்திருப்பார். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. அதற்கு மேல் தொடர்ந்து உதிர்ந்தால், களைப்பும் மூச்சிரைப்பும் சேர்ந்திருந்தால், இரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பதே முறை.

இன்னொரு காரணம் நம் கையிலேயே இருக்கிறது. பள்ளிக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்கு ஈரத் தலையோடு இறுக்கி இரட்டைச் சடை பின்னுகிறோம். நாள்தோறும் வேர் இழுபட்டால் நெற்றியோரமும் காதோரமும் முடி மெலியும். இதற்குத் தீர்வு எண்ணெயில் இல்லை. காய்ந்த பின் தளர்த்திப் பின்ன வேண்டும்.

வட்டமாகக் கொட்டினால்

இப்போது தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். பிள்ளையின் தலையில் காசளவு வட்டமாக முடி இல்லை. வீட்டில் ‘புழுவெட்டு’ என்கிறார்கள். சின்ன வெங்காயத்தை அரைத்துத் தேய்க்கச் சொல்கிறார்கள். தேய்க்கலாமா?

வட்டமாக முடி கொட்டுவதற்கு முக்கியமாக இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு நோய்கள்.

முதலாவது, உண்மையான புழுவெட்டு. பெயரில் புழு இருந்தாலும் நோயில் புழு இல்லை. உடலின் எதிர்ப்புச் சக்தி, தன் சொந்த முடிவேரையே தவறாகத் தாக்குவதால் வருவது. அந்த இடம் வழவழவென்று இருக்கும். செதில் இருக்காது, மற்றவருக்குத் தொற்றாது. ஒன்றிரண்டு சிறு வட்டங்கள் மட்டும் இருந்தால் பலருக்கு ஓராண்டுக்குள் தானாகவே முடி வளர்ந்துவிடும்.

வெங்காயம் பற்றிய ஆய்வு நடந்தது இந்த நோய்க்குத்தான். ஈராக்கின் பாக்தாத் மருத்துவர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வு அது. நாளுக்கு இருமுறை வெங்காயச் சாறு தடவிய 23 பேரில் 20 பேருக்கு ஆறு வாரத்தில் முடி வளர்ந்தது. வெறும் தண்ணீர் தடவிய 15 பேரில் 2 பேருக்குத்தான் வளர்ந்தது. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் 38 பேரை மட்டும் வைத்து, தானாகவே குணமாகக்கூடிய நோயில் செய்த சிறிய ஆய்வு இது. இதை வைத்து வெங்காயம் எல்லா முடி உதிர்வுக்கும் மருந்து என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, தலையில் வரும் படர்தாமரை. இது பூஞ்சைத் தொற்று. பெரும்பாலும் பிள்ளைகளுக்கே வரும். பூனைக்குட்டியைத் தூக்கிக் கொஞ்சுவதாலும், சீப்பு, தொப்பி, துண்டு ஆகியவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதாலும் தொற்றும். அந்த இடத்தில் சாம்பல் நிறச் செதில் இருக்கும். முடி வேரோடு போகாமல் பாதியில் உடைந்து கறுப்புப் புள்ளிகளாகத் தெரியலாம். அரிக்கும்.

இந்தப் பூஞ்சை முடியின் வேர்ப் பகுதிக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. வெளியே தடவும் எண்ணெயோ வெங்காயமோ, கடையில் வாங்கும் படர்தாமரைக் களிம்போ அங்கே போய்ச் சேராது. மருத்துவர் கொடுக்கும் பூஞ்சை எதிர்ப்பு மருந்தைப் பல வாரங்கள் உட்கொள்ள வேண்டும். விட்டுவைத்தால் சிலருக்கு அந்த இடம் சீழ் கோத்து, தொட்டால் மெத்தென்று வீங்கிவிடும். ஆறும்போது தழும்பாகி, அங்கே மறுபடி முடி முளைக்காமலே போகலாம். வெங்காயமும் பூண்டும் வைத்துத் தேய்த்து மேல்தோலைப் புண்ணாக்கினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

எனவே விடை இதுதான்: செதிலோ புண்ணோ உடைந்த முடியோ இருந்தால் வெங்காயம் வேண்டாம், உடனே கிளினிக். வழவழவென்று இருந்தாலும், பிள்ளை என்றால் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வீட்டில் மற்றப் பிள்ளைகளின் தலையையும் பாருங்கள். வீட்டுப் பூனைக்கு முடி கொட்டியிருந்தால் அதையும் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பொடுகுக்கு எண்ணெய் மருந்தா?

பொடுகு வறட்சியால் வருகிறது என்று நினைத்து எண்ணெய் தடவுவோர் பலர். நம் எல்லார் தலைத்தோலிலும் மலசீசியா என்ற ஒருவகைப் பூஞ்சை வாழ்கிறது. அதன் உணவே தோலின் எண்ணெய்ப்பசைதான். அது பெருகும்போது தோல் எரிச்சலடைந்து செதிலாக உதிர்வதே பொடுகு. எண்ணெய் தடவினால் செதில் படிந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும், பொடுகு போயிருக்காது.

தயிர் தலைக்கு இதமாக இருக்கும், அவ்வளவே. எலுமிச்சையும் கஸ்தூரி லிமாவும் தடவிக்கொண்டு வெயிலில் போனால் அந்தச் சாறு பட்ட தோல் வெந்து கறுத்துப் போகலாம். மருந்தகத்தில் கிடைக்கும் கீட்டோகோனசோல் ஷாம்புவை வாரத்திற்கு இருமுறை, தலையில் ஐந்து நிமிடம் வைத்திருந்து அலசினால், சில வாரங்களில் பலருக்குப் பொடுகு கட்டுப்படும். அதற்கும் அடங்காமல் காதுக்குப் பின்னும் புருவத்திலும் பரவினால் மருத்துவரைப் பாருங்கள்.

பேனுக்கு மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம்

ஒரு காலத்தில் பேன் தொல்லைக்கு மண்ணெண்ணெய் தடவி, துணியால் கட்டிவைப்பார்கள். இன்றும் அதைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். அடுப்போ சாமி விளக்கோ பக்கத்தில் இருந்தால் தலையில் தீப்பற்றும். தோட்டத்துப் பூச்சிக்கொல்லியோ கொசு மருந்தோ தெளிப்பது உயிருக்கே ஆபத்து. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தடவுவதையும் சிறு பிள்ளைகளுக்குச் செய்யாதீர்கள். கற்பூரம் உடலுக்குள் போனால் வலிப்பு வரலாம்.

பாதுகாப்பான வழி, பாட்டிமார் மடியில் படுக்கவைத்துச் செய்த அதே வேலை, சீவி எடுப்பது. தலையை நனைத்து, கண்டிஷனரோ தேங்காய் எண்ணெயோ தாராளமாகத் தடவி, பல் நெருக்கமான பேன் சீப்பால் வேரிலிருந்து நுனிவரை பகுதி பகுதியாக வாருங்கள். ஒவ்வொரு வாரலுக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். ஈர் பொரிக்க 7 முதல் 10 நாள் ஆகும். அதனால் ஒரு தடவை சீவிவிட்டு விட்டுவிட்டால் பேன் திரும்பிவிடும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை, குறைந்தது இரண்டு வாரம் செய்ய வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நாளில் பாருங்கள். இப்படியும் அடங்காவிட்டால் மருந்தகத்தில் பேன் மருந்து கிடைக்கும்.

பேன் அழுக்கால் வருவதில்லை. தலையோடு தலை ஒட்டுவதால் வருகிறது. சுத்தமான தலையிலும் ஏறும். பிள்ளையைத் திட்டுவதாலோ மொட்டை போட்டு அவமானப்படுத்துவதாலோ பயனில்லை.

மருதாணியும் ஜி6பிடி குறைபாடும்

நம் நாட்டு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி பரிசோதனை செய்வது வழக்கம். குறைபாடு இருந்தால் பெற்றோரிடம் சொல்வார்கள், அந்துருண்டை முதலியவற்றைத் தவிர்க்கச் சொல்வார்கள். தவிர்க்க வேண்டிய பட்டியலில் மருதாணியும் இருக்கிறது என்பது பலருக்கு நினைவில் நிற்பதில்லை. அந்தக் குறைபாடு உள்ள குழந்தைகளின் தோலில் மருதாணி பூசினால், அதன் சாயப்பொருள் உடலுக்குள் போய் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடும். அப்படி உயிராபத்து வரை போன குழந்தைகள் மருத்துவப் பதிவுகளில் உண்டு. உங்கள் பிள்ளைக்கு இந்தக் குறைபாடு இருந்தால் தலைக்கும் வேண்டாம், தீபாவளிக்குக் கையிலும் வேண்டாம்.

நரைக்கு மருதாணி பூசும் பெரியவர்களும் கவனிக்க வேண்டும். உண்மையான மருதாணி செம்மஞ்சள் நிறமே தரும். ‘கறுப்பு மருதாணி’ என்று விற்பதில் பெரும்பாலும் இரசாயனச் சாயம் கலந்திருக்கும். அது சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தரும்.

புட்டியில் வாங்கும்போது

அரைக்க நேரமில்லாதவர்கள் பாசார் மாலாமிலும் இணையத்திலும் மூலிகை எண்ணெய் வாங்குகிறார்கள். வாங்குமுன் புட்டியைத் திருப்பிப் பாருங்கள். பாரம்பரிய மருந்தாக விற்கப்படுவதற்கு ‘எம்ஏஎல்’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். அழகுப் பொருளுக்கு ‘என்ஓடி’ என்று தொடங்கும் எண் உண்டு. அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்பிஆர்ஏ-வின் இணையப்பக்கத்தில் சரிபார்க்கலாம். எண் இல்லாமல், ‘ஏழே நாளில் வழுக்கையில் முடி’ என்று மட்டும் எழுதியிருந்தால் காசை மிச்சப்படுத்துங்கள். முடி ஒரு மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஏழு நாளில் கால் சென்டிமீட்டர்கூடத் தேறாது.

இவற்றைக் கண்டால் காத்திருக்க வேண்டாம்

பிள்ளையின் தலையில் செதிலோடு வட்டமாக முடி கொட்டுவது, சீழ், வீக்கம், காய்ச்சல் அல்லது கழுத்தில் நெறி கட்டுவது, முடி கொட்டிய இடம் தழும்புபோல் பளபளப்பது, பெரியவர்களுக்கு மூன்று மாதத்திற்கு மேலும் நிற்காமல் உதிர்வது. இவற்றில் எது இருந்தாலும் அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு அங்கே வெளிநோயாளிக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். தேவைப்பட்டால் அவர்களே தோல் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பிவைப்பார்கள். முதல்நாள் எண்ணெய் தடவாமல் போங்கள். செதிலும் தோலின் நிறமும் அப்போதுதான் மருத்துவருக்குத் தெளிவாகத் தெரியும். இதுவரை வீட்டில் என்னென்ன தடவினீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

வாசலில் இருக்கும் கறிவேப்பிலையையும் வேலியில் இருக்கும் செம்பருத்தியையும் விட்டுவிட வேண்டியதில்லை. நல்ல முடியை நன்றாக வைத்திருக்க அவை போதும். அடுத்த முறை எண்ணெய் வைக்கும்போது, பிள்ளையின் முடியை வகிடு வகிடாகப் பிரித்து, தோலை ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். செதிலோ புண்ணோ தெரிந்தால் எண்ணெய்க் கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு கிளினிக்குக்குக் கிளம்புங்கள்.